எத்தனை அங்குலம் என்று கேட்பதற்கு முன்

வாஷிங்டன் வட்டாரத்தில் வானிலை ஆர்வலர்கள் இருவர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் 2016 ஜனவரிப் பனிப்புயலைத் தொடாமல் முடியாது. அந்தப் புயலைத் தொட்டால் 17.8 அங்குலத்துக்கு வராமல் இருக்க முடியாது. பொட்டாமாக் ஆற்றங்கரையில் உள்ள ரீகன் தேசிய விமான நிலையத்தில் பதிவான மொத்தப் பனிப்பொழிவு அது. வாஷிங்டன் நகரத்தின் அதிகாரபூர்வக் கணக்கும் அதுதான். அதே புயலுக்கு டல்லஸ் விமான நிலையத்தில் (டெக்சாஸில் இருக்கும் டாலஸ் வேறு, இது வர்ஜீனியாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது) 29.3 அங்குலம். பால்டிமோர் விமான நிலையத்தில் 29.2. நகரத்துக்குள்ளேயே, தேசிய விலங்கியல் பூங்காவில் 22.4. மேற்கு வர்ஜீனியாவின் கிளெங்கரி என்ற சிற்றூரில் 42. தலைநகரத்துக்கு மட்டும் 17.8.

இத்தனை வருடம் ஆகியும் இது ஆறாத விவகாரம். எனக்கும்தான். ஆனால் கோபப்படுகிறவர்கள் பெரும்பாலும் எண்ணைப் பற்றியே பேசுகிறார்கள். அது எப்படி அளக்கப்பட்டது என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. அதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

நான் இருப்பது ஆஷ்பர்னில். தேசிய வானிலைச் சேவையின் வாஷிங்டன்–பால்டிமோர் அலுவலகம் பக்கத்து ஊரான ஸ்டெர்லிங்கில், டல்லஸ் விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது. பனி, மழை எது வந்தாலும் அளந்து சொல்ல அந்த அலுவலகத்துக்குத் தன்னார்வலர்கள் ஏராளம். இலவசமாகப் பயிற்சி தருவார்கள். முடித்தவர்களுக்கு ஸ்பாட்டர், அதாவது பார்த்துச் சொல்பவர் என்று பெயர், ஒரு அடையாள எண்ணும் உண்டு. புயல் நடக்கும்போதே அளவைச் சொல்லிவிடலாம். அவையெல்லாம் மாவட்டவாரியாக ஒரே பட்டியலாக வெளியாகும்: ஊர், அங்குலம், அளந்த நேரம், அளந்தவர் யார். விமான நிலையமா, பயிற்சி பெற்ற ஸ்பாட்டரா, ஹாம் ரேடியோக்காரரா, வானிலைச் சேவை ஊழியரா, பொதுமக்களில் ஒருவரா என்று கடைசிப் பத்தியில் போட்டிருக்கும். பெரிய புயல் இரவுகளில் இந்தப் பட்டியலுக்காகக் காத்திருப்பதைப் போன்ற பரபரப்பு எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை. தேர்வு முடிவு பார்ப்பதுபோல எல்லோரும் முதலில் தங்கள் ஊரைத் தேடுவார்கள், பிறகு பக்கத்து ஊரை. நான் முதலில் பார்ப்பது இரண்டு பத்திகளை: நேரம், அளந்தவர். இரவு 9 மணிக்கு அளந்த 24 அங்குலத்தையும் மறுநாள் காலை 7 மணிக்கு அளந்த 24 அங்குலத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

புயலைப் பற்றிக் கொஞ்சம். ஐந்தாறு நாள் முன்பே கணினி மாதிரிகள் ஒரே குரலில் சொல்லத் தொடங்கிவிட்டன, அது அபூர்வம். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்த தாழ்வழுத்தம் கரோலினா கடற்கரைக்கு வந்ததும் வலுத்தது, பிறகு அட்லாண்டிக் ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு மெதுவாக வடகிழக்கே நகர்ந்தது. ஜனவரி 22, வெள்ளிக்கிழமை மதியம் இங்கே முதல் பனி விழுந்தது. சனிக்கிழமை இரவுதான் நின்றது. மேற்கே புளூ ரிட்ஜ் மலைத்தொடர் இருக்கிறதல்லவா, வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று அந்தச் சுவரில் முட்டி அதன் கிழக்கு அடிவாரத்தில் தேங்கி நிற்கும். அதனால் எங்கள் ஊர் இருக்கும் லவுடன் கவுன்ட்டியின் மேற்குப் பகுதியில் கடைசிவரை சுத்தமான பனி. அங்கே மலையோரத்தில் 3 அடிக்கு மேல் அளந்தவர்கள் உண்டு. கிழக்கே போகப் போகக் கதை வேறு. கடலிலிருந்து வந்த வெதுவெதுப்பான காற்று மேலே ஓர் அடுக்காக நுழைந்து, விழும் பனியை வழியிலேயே உருக்க, அது கீழே வருவதற்குள் மறுபடி உறைந்து பனிக்கட்டி மணிகளாக விழுந்தது.

மேரிலாந்தில் அனாபொலிஸ் பக்கம் இருக்கும் அண்ணாச்சி எனக்கு முன்பே இந்தப் பழக்கத்தில் இறங்கியவர். திருநெல்வேலிக்காரர். சனிக்கிழமை மதியம் போன் போட்டேன்.

“அண்ணாச்சி, அங்க எப்படி?”

“என்னத்தச் சொல்ல தம்பி. காலைல இருந்து சவ்வரிசியாட்டம் கொட்டுது. ஜன்னல்ல சடசடன்னு அடிக்கி. பலகைல ஏறவே மாட்டேங்கு.”

“எங்களுக்கு நல்ல பஞ்சு பஞ்சா விழுது.”

“ஒங்களுக்கென்ன, மலைப்பக்கம். எளுதி வச்சுக்கிடுங்க, எத்தன மணிக்கு மாறுச்சுன்னும் நான் எளுதிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

எத்தனை அங்குலம் என்பதோடு, எத்தனை மணிக்குப் பனி மணியாக மாறியது என்பதையும் அவர் குறித்துக்கொண்டிருந்தார். அந்தப் புயலில் என் நண்பர்கள் வட்டத்திலேயே குறைந்த மொத்தம் அவருடையதுதான். நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் கணக்கும் அவருடையதுதான்.

ஆக, ரீகன் விமான நிலையத்துக்குக் குறைவாக வந்ததில் இயற்கைக்கும் பெரிய பங்கு உண்டு. ஆற்றோரம், கிட்டத்தட்ட கடல்மட்டம், நகரத்துச் சூடு, மேலே வெதுவெதுப்பான காற்று. அதைவிட டல்லஸ் முந்நூறு அடி உயரத்தில், இருபது மைலுக்கு மேல் மேற்கே உள்ளே இருக்கிறது. 2010 பிப்ரவரிப் புயலிலும் இதே கதைதான்: டல்லஸ் 32.4, ரீகன் 17.8. ஆமாம், அன்றைக்கும் அதே 17.8. வாஷிங்டனின் பெரும் பனிப்புயல் வரிசையில் 1922-இன் 28 அங்குலம், 1899-இன் 20.5, 1979-இன் 18.7 ஆகியவற்றுக்கு அடுத்து இந்த இரண்டும் நான்காம் இடத்தில் ஒன்றாக நிற்கின்றன. இதைப் பார்த்துவிட்டு “அங்கே எப்பவும் குறைவாகத்தான் வரும், விடு” என்பவர்களும் உண்டு. அப்படி விட்டுவிட முடியாது, ஏனென்றால் 2016-இல் அங்கே அளவுப் பலகையே பனிக்குள் காணாமல் போய்விட்டது.

பலகை என்றால் பெரிய கருவி ஒன்றும் இல்லை. 16 அல்லது 24 அங்குலச் சதுரத்தில் ஒரு பிளைவுட் துண்டு, வெயிலை உறிஞ்சாமல் இருக்க வெள்ளை வர்ணம். புல் மேல் நேரடியாக அளந்தால் புல் நுனிகள் பனியைத் தூக்கிப் பிடித்து அதிகம் காட்டும். சிமெண்டுத் தரை சூட்டை வைத்திருந்து குறைத்துக் காட்டும். பலகைக்கு அந்த இரண்டு தொல்லையும் இல்லை. அதன் மேல் விழுந்த பனியில் அளவுகோலைச் செங்குத்தாக இறக்கி, பலகையைத் தொட்டதும் பத்தில் ஒரு அங்குலம் வரை படித்து எழுத வேண்டும். பிறகு துடைத்துவிட்டு, புதுப் பனியின் மேல்மட்டத்திலேயே மறுபடி வைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு வைக்காவிட்டால் அடுத்த முறை பலகை எங்கே என்றே தெரியாது. ரீகனில் பொழிந்த வேகத்தில் பலகை புதைந்து போனதும், அங்கே இருந்தவர்கள் பல இடங்களில் தரையில் இருந்த பனியின் ஆழத்தை அளந்து சராசரி எடுத்தார்கள். வந்த எண் 17.8.

இங்கேதான் பனிக்கும் மழைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் 1 இரவு சென்னை மழை நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். இந்தப் பனிப்புயலுக்கு ஏழெட்டு வாரம் முன்னால்தான். நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர், தாம்பரத்தில் 49. ஒரே நகரம், ஒரே இரவு, இவ்வளவு வித்தியாசம். இருந்தாலும் அந்த இரண்டு எண்ணையும் யாரும் சந்தேகிக்கத் தேவையில்லை. மழைமானிக்குள் விழுந்த தண்ணீர் விழுந்தபடியே இருக்கும். நள்ளிரவில் பார்த்தாலும் காலை எட்டரைக்குப் பார்த்தாலும் மொத்தம் ஒன்றுதான். பனி அப்படி உட்கார்ந்திருக்காது. விழுந்த நொடியிலிருந்தே அமுங்கத் தொடங்கிவிடும். மேலே விழும் பனியின் கனம் கீழே இருப்பதை நசுக்கும்; நட்சத்திரக் கிளைகள் உடைந்து நெருங்கும்; காற்று வேறு அடித்து இறுக்கும். ஒன்றரை நாள் விழுந்த பனியைக் கடைசியில் ஒரே தடவை அளந்தால், விழுந்தது எவ்வளவு என்பது தெரியாது, மிஞ்சியது எவ்வளவு என்பதுதான் தெரியும்.

அப்படியென்றால் மணிக்கொரு தரம் அளந்து துடைத்துக் கூட்டினால்? அமுங்குவதற்கு நேரமே கொடுக்காமல் கூட்டிக்கொண்டே போகலாம், மொத்தம் ஏகத்துக்கு எகிறும். அதற்காகத்தான் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் பலகையைத் துடைக்கக் கூடாது, அதாவது ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. இயற்கையில் ஆறு மணி நேரம் என்பதற்குத் தனி மகிமை எதுவும் கிடையாது. எல்லோரும் ஒரே மாதிரி செய்தால்தான் ஊருக்கு ஊர், வருடத்துக்கு வருடம் ஒப்பிட முடியும், அவ்வளவுதான்.

இந்த விதி எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு மான்டேக் கதை. நியூயார்க் மாநிலத்தில், ஒன்டேரியோ ஏரியின் ஈரக்காற்று மோதும் டக் ஹில் மேட்டுநிலத்தில் இருக்கும் சிற்றூர் மான்டேக். 1997 ஜனவரி 11, 12 தேதிகளில் அங்கே ஒருவர் 24 மணி நேரத்தில் 77 அங்குலம் அளந்தார். 1921 ஏப்ரலில் கொலராடோவின் சில்வர் லேக்கில் பதிவான சுமார் 76 அங்குல அமெரிக்கச் சாதனையைத் தாண்டிவிட்ட எண். வானிலைச் சேவை நிபுணர்களை அனுப்பி விசாரித்தது. அளந்தவர் நேர்மையானவர், அக்கறையானவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் 24 மணி நேரத்துக்குள் ஆறு தடவை அளந்து கூட்டியிருந்தார். சாதனை ஏற்கப்படவில்லை. அந்த அளவீட்டுக்காரரை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும். ஏரிப்பனி கொட்டும் இரவில் அத்தனை தடவை எழுந்து வெளியே போயிருக்கிறார். தீர்ப்பு சரிதான் என்றும் உறுதியாகச் சொல்வேன்.

2016 புயலிலும் இப்படி ஒரு விசாரணை நடந்தது. ஆர்வலர்கள் கேள்விமேல் கேள்வி எழுப்பியதும் அதற்கு ஒரு காரணம். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் முதலில் வெளியான மொத்தம் 26.8 அங்குலம். 2006 பிப்ரவரியில் பதிவான சாதனை 26.9. பத்தில் ஒரு அங்குலம்! ஜெர்சியில் இருக்கும் நண்பர்கள் அன்றிரவு தூங்கவில்லை. ஏப்ரல் இறுதியில் ஆய்வு முடிவு வந்தபோது, பூங்காவில் அளந்தவர்களுக்கும் வானிலைச் சேவைக்கும் நடுவில் தகவல் சொல்வதில் பிசகு நேர்ந்தது தெரியவந்தது. சரியான எண் 27.5 என்று திருத்தினார்கள். 1869-இல் தொடங்கிய பதிவுகளில் அதுவே சென்ட்ரல் பார்க்கின் மிகப்பெரிய புயல். அதே ஆய்வு, நியூவார்க் விமான நிலையத்தின் 28.1 அங்குலத்தை ஏற்க மறுத்தது. ரீகனின் 17.8 மாற்றப்படாமல் அப்படியே நின்றது.

ரீகன் கணக்கைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும், சுற்றியுள்ள ஊர்களை வைத்து 20, 21 என்று ஒரு எண் போட்டிருக்க வேண்டும் என்று வாதாடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆற்றுக் காற்று முகத்தில் அறைய, ஓடுபாதைகள் மூடிக் கிடக்க, இரவெல்லாம் அங்கே நின்று எழுதியவர்கள் அளந்தது அது. குறை உள்ள அளவுதான். ஆனால் குறை என்ன, எந்தப் பக்கம் சாயும் என்பது நமக்குத் தெரியும்: விழுந்ததைவிடக் குறைவாகக் காட்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து நாம் யூகித்து எழுதும் 21-க்கு அந்தத் தகுதிகூடக் கிடையாது. அளவின் பக்கத்தில் அது எப்படி எடுக்கப்பட்டது என்ற குறிப்பையும் எழுதி வைத்தால், நூறு வருடம் கழித்து வருகிறவர் தானே முடிவு செய்துகொள்வார்.

ஆர்வலர்கள் மத்தியில் உண்மையில் கவலைக்குரிய விஷயம் வேறு. அளவுகோலைச் சாய்த்துப் பிடித்து இரண்டு அங்குலம் கூட்டிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். காற்று கொண்டுபோய் வேலியோரம் குவித்த இடத்தில் கோலை இறக்கிப் படம் போடுபவர்களும். எங்கள் ஊர்தான் இந்தப் புயலின் உச்சம் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை. அந்த ஆசை எனக்குப் புரிகிறது, எனக்கும் உள்ளது. ஆனால் பட்டியலில் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் 26, 27 என்று இருக்க நடுவே ஒரு 33 மட்டும் துருத்திக்கொண்டு நின்றால், அந்த ஊர்க் கூரைகள் எவ்வளவு பனி தாங்கும் என்று கணக்குப் போடுகிற பொறியாளருக்கும், வெள்ளம் வருமா என்று பார்க்கிற ஆற்று முன்னறிவிப்பாளருக்கும் நாம் செய்தது இடைஞ்சல். அண்ணாச்சி பதினெட்டைத் தாண்டாத தன் எண்ணைக் கொஞ்சமும் கூட்டாமல் அனுப்பினார். மணல் போல மணிப்பனி எங்கே வரை வந்தது என்ற கோட்டை வரைபடத்தில் வரைய அப்படிப்பட்ட எண்கள்தான் உதவுகின்றன.

வெள்ளி இரவு கடந்து சனிக்கிழமை பிறந்ததும், பின்னிரவு 1 மணிக்கு நான் வெளியே போனது பற்றி. அதிகாரபூர்வ நிலையங்களில் அளக்கும் நேரம் பின்னிரவு 1, காலை 7, பகல் 1, மாலை 7. நானும் அதையே பிடித்துக்கொள்வேன். கதவைத் திறந்தால் டெக்கில் பனி தொடை வரை வரவில்லை என்றாலும் முழங்காலை மூடிவிட்டது. தெருவிளக்கைச் சுற்றி மட்டும் ஒரு மஞ்சள் வட்டம், அதற்குள் பனி கிடைமட்டமாகப் பறக்கிறது. பலகைக்குப் பக்கத்தில் நட்ட ஆரஞ்சுக் கம்பி தெரிந்தது, பலகை தெரியவில்லை. கோலை இறக்கியபோது முதலில் எதிர்ப்பே இல்லை. நடுவில் ஓர் இடத்தில் லேசாக நெருடியது, காற்று வலுத்திருந்த நேரத்தில் விழுந்த அடுக்கு அது. பிறகு மறுபடி மெத்தென்று இறங்கிப் பலகையில் டொக் என்று நின்றது. கையுறையைக் கழற்றித்தான் பென்சில் பிடிக்க முடியும். பேனா மை உறைந்துவிடும். மூன்று இடங்களில் எடுத்துச் சராசரி போட்டு எழுதி முடிப்பதற்குள் மேற்கே வானம் ஒரு தடவை நீலமாக மின்னி, கொஞ்சம் தாமதமாக அடங்கிய குரலில் இடி வந்தது. பனிக்குள் கேட்கும் இடி உருளாது. கம்பளிக்கு உள்ளிருந்து ஒரே ஒரு தரம் தட்டியதுபோல் முடிந்துவிடும்.

அங்குலத்தோடு நிறுத்திவிடாமல் தண்ணீரையும் அளக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். தன்னார்வலர்களின் மழைமானி 4 அங்குல விட்டமுள்ள ஒரு குழாய். குளிர்காலத்தில் மேலிருக்கும் புனலையும் உள்ளிருக்கும் சிறு குழாயையும் எடுத்துவிட்டு வெளிக்குழாயை மட்டும் வெளியே நிறுத்துவோம். பலத்த காற்றில் பனி அதற்குள் ஒழுங்காக விழாது, பக்கவாட்டில் பறந்துவிடும். அதற்கு ஒரு வழி: அந்தக் குழாயைத் தலைகீழாகப் பிடித்துப் பலகை மேலிருக்கும் பனியில் செங்குத்தாக அழுத்தி, அடியில் தோசைத் திருப்பியைச் செருகி அப்படியே நிமிர்த்த வேண்டும். உள்ளே வந்த பனியில் அளந்து எடுத்த வெந்நீரை ஊற்றி உருக்கி, மொத்தத்தை அளந்து, ஊற்றியதைக் கழித்தால் பனிக்குள் இருந்த தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பொதுவாக 10 அங்குலப் பனிக்கு 1 அங்குலத் தண்ணீர் என்பார்கள். நல்ல குளிரில் விழும் லேசான பனியென்றால் 20 அங்குலத்துக்குக்கூட ஒரு அங்குலம்தான் தேறும். ஈரப்பனி என்றால் ஆறு அங்குலத்திலேயே அது வந்துவிடும்.

பனியின் கனம் முழுக்க இந்தத் தண்ணீர்தான். ஒரு அங்குலத் தண்ணீர், ஒரு சதுர அடிக்கு 5.2 பவுண்டு. ஆயிரம் சதுர அடிக் கூரையில் இரண்டு அங்குலத் தண்ணீருக்குச் சமமான பனி நின்றால் பத்தாயிரம் பவுண்டுக்கு மேல், நாலரை டன்னைத் தாண்டும். 1922 ஜனவரி 28 இரவு வாஷிங்டனில் நிக்கர்பாக்கர் திரையரங்கின் தட்டையான கூரை, அந்த 28 அங்குலப் பனியின் பாரம் தாங்காமல் படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்தது. 98 பேர் இறந்தார்கள். அந்தப் புயலே இன்றைக்கும் அந்தத் திரையரங்கின் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. கூரையில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பது, அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கக்கூடிய தகவல். அதனால்தான் யாராவது எனக்கு 27 அங்குலம் என்று உற்சாகமாகச் சொன்னால், “தண்ணி எவ்வளவு?” என்று உடனே கேட்டுவிடுகிறேன்.

நான் சேர்ந்திருக்கும் கோகோராஸ் என்ற தன்னார்வலர் வலையமைப்பு பிறந்ததும் ஒரு துயரத்துக்குப் பிறகுதான். 1997 ஜூலை 28 அன்று கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரத்தில் ஒரு பக்கம் பேய்மழை, மறுபக்கம் அதில் சொற்பம். வெள்ளத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். நகரத்துக்குள் எங்கே எவ்வளவு பெய்தது என்பது அந்த இரவில் தெரியவில்லை. மறு வருடமே கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வானிலையாளர் நோலன் டோஸ்கன், அவரவர் வீட்டுக் கொல்லையில் அளக்கச் சொல்லி ஆட்களைத் திரட்டினார். இன்று எல்லா மாநிலங்களிலும், கனடாவிலும் பரவியிருக்கிறது. தினமும் காலை 7 மணிக்கு அளவு. எதுவும் பெய்யாவிட்டாலும் பூஜ்யம் என்று அனுப்ப வேண்டும். பூஜ்யத்தைச் சலிக்காமல் அனுப்புகிறவர்களுக்கு அங்கே தனி மரியாதை.

இந்த வட்டாரத்தில் பனிக் கணக்கை ஒப்பிடுவது, நாடு உருவாகும் முன்பே தொடங்கிவிட்டது. 1772 ஜனவரி இறுதியில் வர்ஜீனியாவை ஒரு பெரும்புயல் மூடியது. மவுண்ட் வெர்னனில் ஜார்ஜ் வாஷிங்டன் தன் நாட்குறிப்பில் எழுதினார். மாண்டிசெல்லோவில், புது மனைவியோடு வண்டியை வழியில் விட்டுவிட்டுக் குதிரையேறி வீடு வந்து சேர்ந்த தாமஸ் ஜெஃபர்சனும் எழுதினார். இரண்டு பேர் குறிப்பிலிருந்தும் கிடைப்பது கிட்டத்தட்ட மூன்று அடி. ஒருவர் இன்னொருவருடைய குறிப்பைப் பார்த்து எழுதவில்லை. இரண்டு ஊருக்கும் இடையே நூறு மைல் போல இருக்கும். பலகையும் ஆறுமணி விதியும் இல்லாத காலத்து அந்த மூன்று அடியை இன்றைக்கும் நம்ப முடிகிறது என்றால், இரண்டு பேர் தனித்தனியே எழுதி வைத்ததால்தான்.

வடக்கே ஜெர்சி, பாஸ்டன், டொராண்டோ பக்கம் இருக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள். இந்தக் குளிர்காலத்தில் அளக்க ஆசைப்பட்டால் இப்போதே பலகையை வெட்டி வெள்ளை அடித்து வையுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, மரக்கிளை மேலே வராத இடமாக, காற்று நேரடியாக வாரிக்கொண்டு போகாத இடமாகப் பாருங்கள். டவுன்ஹவுஸ்காரர்களுக்குப் பின்பக்கப் புல்வெளியின் நடுப்பகுதி போதும். பக்கத்தில் மூன்றடிக் கம்பி ஒன்று, நுனியில் நிறத்துணி. நோட்டில் நான்கு பத்தி: நேரம், அங்குலம், தண்ணீர், என்ன விழுந்தது. பிள்ளைகளை அந்த இடத்தில் சறுக்க விடாதீர்கள். மழைமானியின் உட்குழாயை நவம்பரிலேயே உள்ளே எடுத்துவிடுங்கள். உறைந்தால் விரிசல் விட்டுவிடும்.